தமிழ்க் கோப்பு சரியாகத் திறக்கவில்லையா, சேமிக்க மறுக்கிறதா? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

அச்சகத்துக்கும் தட்டச்சு நிலையத்துக்கும் வரும் கோப்புகளில் ஒரே சில கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. முனைவர் பட்ட ஆய்வேடு, குடமுழுக்கு மலர், பள்ளி வினாத்தாள், சங்க உறுப்பினர் பட்டியல் என்று உள்ளடக்கம் மாறும். கோளாறு மாறாது. அவற்றை நான் சரிபார்க்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். காசு செலவில்லாத, நொடியில் பார்க்கக்கூடிய காரணம் முதலில் வரும். செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்கான தலைப்புக்கு நேரே போகலாம்.

அதற்கு முன் இதை மட்டும் படித்துவிடுங்கள். எழுத்து தவறாகத் தெரிவது வேறு, எழுத்து அழிந்துபோவது வேறு. திறந்ததும் புரியாத குறிகளாகத் தெரியும் கோப்பில் பெரும்பாலும் எல்லாமே பத்திரமாக இருக்கிறது. பதற்றத்தில் அதன் மேலேயே 'சேவ்' கொடுக்கும்போதுதான் உண்மையான இழப்பு நேர்கிறது. ஆகவே கோளாறு தெரிந்ததும் சேமிக்காமல் மூடுங்கள், மூலக் கோப்பை நகலெடுங்கள், நகலில் மட்டும் கை வையுங்கள். நீங்கள் இப்போதுதான் தட்டச்சு செய்து இன்னும் சேமிக்காத வேலை என்றால் நேர்மாறாகச் செய்ய வேண்டும்: மூடவே கூடாது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்பது 'சேமிக்க மறுக்கிறது' என்ற தலைப்பில் இருக்கிறது. இரண்டிலும் திரையில் வரும் பிழைச் செய்தியைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'ஏதோ எரர் வந்தது' என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது.

## அறிகுறி: தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்

யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை. அதற்கு முந்தைய ஃபான்ட்டில் தட்டச்சு செய்த கோப்பு இது. அந்த ஃபான்ட்டுகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருப்பார்கள். ஃபான்ட் இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது.

எந்த ஃபான்ட் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. வேர்டில் அந்த வரியின் மேல் கர்சரை வைத்து, மேலே ஃபான்ட் பெயர் வரும் பெட்டியைப் பாருங்கள். ஃபான்ட் உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயரை வேர்டு காட்டும். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெயர் தெரியாவிட்டால் குறிகளை வைத்து ஊகிக்கலாம். வெறும் ஆங்கில எழுத்துகளும் வரிக்கு வரி அரைப்புள்ளிகளும் தெரிந்தால் பாமினி என்று கொள்ளுங்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில்தான் இருக்கிறது. இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவில் வாழும் தமிழர்களிடமிருந்தும் வரும் பழைய கோப்புகள் பெரும்பாலும் இந்த வகைதான். தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் கலந்து வந்தால் டாம், டாப், டிஸ்கி, வானவில் என்ற பழைய முறைகளில் ஒன்றாக இருக்கலாம். தமிழக அரசு 1999-இல் டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளின் அலுவலகக் கோப்புகளில் இவை ஏராளம்.

பிறகு என்ன செய்வது என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது.

அச்சிட்டால் போதும் என்றால்: அனுப்பியவரிடம் அந்த ஃபான்ட் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் வலது சொடுக்கு, 'இன்ஸ்டால்'. வேர்டை மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும். ஒரே பெயரில் சற்றே வேறுபட்ட ஃபான்ட்டுகள் உலவுவதால், இணையத்தில் கிடைத்ததை நிறுவுவதைவிட அனுப்பியவரிடம் இருப்பதை வாங்குவதே நல்லது.

திருத்த வேண்டும், பிறருக்கு அனுப்ப வேண்டும் என்றால்: யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் பாமினி, டாம், டாப், டிஸ்கி, வானவில் எல்லாவற்றையும் மாற்றும். இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. மூலக் கோப்பில் தமிழுக்கு நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், கருவி அவற்றையும் தமிழ்க் குறிகளாக நினைத்து மாற்றிவிடும். ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளில் இது பெரிய நாசம் செய்யும். ஆகவே ஆங்கிலப் பகுதிகளை மூலத்தில் வண்ணமிட்டு வைத்துக்கொண்டு, தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியே மாற்றுங்கள். நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

ஃபான்ட் போட்டும் சில எழுத்துகள் மட்டும் தவறாக இருந்தால்: வேர்டின் தானியங்கித் திருத்தம் காரணமாக இருக்கலாம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவதும் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்குவதும் ஆங்கிலத்துக்கு உதவி. பழைய தமிழ் ஃபான்ட்டுகளிலோ பெரிய எழுத்துக்கு ஒரு தமிழ் எழுத்து, சிறிய எழுத்துக்கு வேறொன்று. ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் வழியே போய் அவற்றை நிறுத்துங்கள். ஏற்கெனவே மாறிய எழுத்துகளைக் கையால்தான் திருத்த வேண்டும்.

நூறு பக்கத்துக்கு மேல், ஆங்கிலமும் அட்டவணைகளும் கலந்த கோப்பு என்றால், தமிழ் மெய்ப்பு பார்க்கத் தெரிந்த தட்டச்சாளரிடம் கொடுங்கள். கணினி பழுது பார்ப்பவரிடம் இதைக் கொண்டுபோவதில் பயனில்லை.

## அறிகுறி: வெற்றுக் கட்டங்கள், அல்லது கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம்

கட்டம் தெரிந்தால் எழுத்து யூனிகோடில் சரியாகவே இருக்கிறது. தேர்ந்தெடுத்திருக்கும் ஃபான்ட்டில் தமிழ் இல்லை. முழுவதையும் தேர்ந்தெடுத்து 'நிர்மலா யுஐ' அல்லது 'லதா' வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் ஃபான்ட் மாற்றியும் தமிழ் மட்டும் மாறாமல் நின்றால், தமிழுக்குத் தனி அமைப்பு இருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குள் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, மொழியாகத் தமிழை வையுங்கள். அதன்பின் ஃபான்ட் பெட்டியில் தமிழுக்கென ஒரு பகுதி தோன்றும்.

எழுத்து தெரிகிறது, ஆனால் 'கொ' என்பதில் கொம்பு பின்னால் போய் நிற்கிறது, அல்லது புள்ளி வட்டம் ஒன்று நடுவில் முளைக்கிறது என்றால் இரண்டு காரணங்கள் உண்டு. பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய வரி என்றால் எழுத்துகளின் வரிசையே குலைந்திருக்கும். அதை ஒட்டுப்போடுவதைவிட மறுபடி தட்டச்சு செய்வது விரைவு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் மட்டும் இப்படி வந்தால், பத்திப் பலகத்தின் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிஎஸ் 6 முதல் தமிழ் இதன் மூலம் சரியாக அமர்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் யூனிகோடுத் தமிழை அதில் வைத்துப் போராட வேண்டாம்.

## அறிகுறி: தமிழ் முழுவதும் கேள்விக்குறிகள்

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் அஞ்சும் அறிகுறி இதுதான். கட்டத்துக்குள் எழுத்து ஒளிந்திருக்கும். கேள்விக்குறிக்குள் பெரும்பாலும் எதுவும் இருக்காது. தமிழ் அறியாத குறிமுறையில் (எழுத்தைக் கணினி எண்ணாக்கி வைக்கும் முறை) சேமித்தபோது ஒவ்வொரு எழுத்தையும் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் மென்பொருள் ஒரு கேள்விக்குறியை வைத்திருக்கிறது. ஃபான்ட் மாற்றியோ கருவி வைத்தோ அதைத் திரும்பப் பெற முடியாது.

முதலில் செய்ய வேண்டிய சோதனை: கோப்பைச் சேமிக்காமல் மூடி, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் வந்தால் மூலம் நலமாக இருக்கிறது; முதல் மென்பொருளுக்குத்தான் தமிழ் தெரியவில்லை. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடுத் தமிழை ஒட்டினால் கேள்விக்குறி வருவது இந்த வகைதான்.

அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால், பழைய நகலைத் தேடுவதே ஒரே வழி. மின்னஞ்சலில் 'அனுப்பியவை', வாட்ஸ்அப் உரையாடல், ஒன்டிரைவ் அல்லது கூகுள் டிரைவின் பழைய பதிப்புகள், அச்சிட அனுப்பிய பிடிஎஃப் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நோட்பேடில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விண்டோஸ் 10-இன் 2019-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்பு நோட்பேடு இயல்பாக, தமிழ் அறியாத 'ஆன்சி' முறையில் சேமித்தது. யூனிகோடு எழுத்துகள் தொலைந்துபோகும் என்று அது எச்சரிக்கும். படிக்காமல் 'ஓகே' கொடுத்தால் கதை முடிந்தது. பழைய கணினியில் 'சேவ் ஆஸ்' பெட்டியின் அடியில் 'என்கோடிங்' என்ற இடத்தில் 'யுடிஎஃப்-8' தேர்ந்தெடுத்துவிட்டுச் சேமியுங்கள்.

## அறிகுறி: எக்செலில் பட்டியல் சிதைந்து வருகிறது

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) கோப்பைத் திறந்ததும் தமிழ்ப் பெயர்கள் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வட்டத்துக்குள் ஆர் குறியுமாக வந்தால்: கோப்பு நலமாக இருக்கிறது, திறந்த முறைதான் தவறு. இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். வெற்று எக்செல் ஒன்றைத் திறந்து, 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' கொடுத்து, கோப்பின் குறிமுறையாக '65001: யூனிகோடு யுடிஎஃப்-8' தேர்ந்தெடுங்கள். தமிழ் உடனே வந்துவிடும்.

நீங்கள் சிஎஸ்வியாகச் சேமித்து அனுப்பியது அங்கே கேள்விக்குறியாகப் போய்ச் சேர்ந்தால்: சேமிக்கும் வகைகளில் 'சிஎஸ்வி' என்றும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்றும் இரண்டு இருக்கும். தமிழுக்கு இரண்டாவதுதான். உங்கள் எக்செலில் இரண்டாவது இல்லை என்றால் எக்செல் கோப்பை லிப்ரே ஆபிஸில் திறந்து அங்கிருந்து சேமியுங்கள். சிஎஸ்வியில் திறந்திருக்கும் ஒரு தாள் மட்டுமே சேமிக்கப்படும். மற்ற தாள்களும் சூத்திரங்களும் வண்ணங்களும் போய்விடும். ஆகவே எக்செல் வடிவ மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

எண்கள் மாறிவிட்டால்: இது எழுத்துச் சிக்கலைவிட ஆபத்தானது, ஏனென்றால் கண்ணில் படாது. எக்செல் 15 இலக்கங்கள் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போகும். 12 இலக்க ஆதார் எண் நடுவில் ஆங்கில 'இ' வைத்த சுருக்க வடிவில் தெரியும். அதில் எண் அழியவில்லை, நெடுவரிசையின் வடிவத்தை 'நம்பர்' ஆக்கி, தசம இடங்களைப் பூஜ்யமாக வைத்தால் முழுவதும் தெரியும். கணக்கு எண்களுக்கோ தட்டச்சு செய்யும் முன்பே நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக்க வேண்டும். பின்னால் மாற்றினால் போன இலக்கம் வராது. உதவித்தொகைப் பட்டியல், கூட்டுறவுச் சங்கக் கணக்கு போன்றவற்றை அனுப்பும் முன் நான்கைந்து எண்களை மூலத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். தவறிய ஓர் இலக்கத்தால் ஒருவருக்குப் பணம் போய்ச் சேராது.

பட்டியலின் அடிப்பகுதி காணவில்லை என்றால்: பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவத்தில் 10,48,576 வரிசைகள் உண்டு. புதிய வடிவத்திலேயே வைத்திருங்கள்.

## அறிகுறி: எழுத்து சரி, பக்கங்கள் தள்ளிப்போகின்றன

வீட்டில் 212 பக்கம் இருந்த ஆய்வேடு அச்சகக் கணினியில் 220 பக்கம் ஆகிறது, பொருளடக்கம் பொருந்தவில்லை. பழைய கணினியில் லதாவில் தட்டச்சு செய்திருப்பார்கள். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்ற கூடுதல் அம்சத்துக்குள் போய்விட்டன. இல்லாத லதாவுக்குப் பதில் வேறு ஃபான்ட் வந்து அமர்கிறது, அதன் அகலமும் உயரமும் வேறு. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி அதைச் சேர்த்தால் இலவசமாகவே கிடைக்கும். இணைய இணைப்பு வேண்டும்.

உங்கள் கையில் இல்லாத கணினிக்கு அனுப்புவதாக இருந்தால், வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்ற பகுதியில் ஃபான்ட்டைக் கோப்புக்குள்ளேயே பொதிக்கும் வசதி இருக்கிறது. சில ஃபான்ட்டுகளின் உரிமம் அதற்கு இடம் தராது. அச்சுக்கு மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், கூடவே வேர்டு கோப்பையும் அனுப்புங்கள்.

கைபேசிச் செயலியிலோ கூகுள் டாக்ஸிலோ ஒருமுறை திறந்து சேமித்த கோப்பு என்றால் அட்டவணையும் பக்க எண்ணும் நகர்ந்திருக்க வாய்ப்புண்டு. கடைசிக் கட்டத் திருத்தத்தைக் கைபேசியில் செய்யாதீர்கள் என்று மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

## அறிகுறி: சேமிக்க மறுக்கிறது

முதலில் வேலையைக் காப்பாற்றுங்கள். எஃப் 12 அழுத்தினால் 'சேவ் ஆஸ்' பெட்டி வரும். இடமாக டெஸ்க்டாப்பையும், பெயராக எளிய ஆங்கில எழுத்தில் ஒரு சிறு பெயரையும் கொடுத்துச் சேமித்துப் பாருங்கள். முடிந்துவிட்டால் கோப்பில் குறையில்லை. பெயரிலோ இடத்திலோதான் குறை. முடியாவிட்டால் முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் புதிய ஆவணத்தில் ஒட்டிச் சேமியுங்கள். அதுவும் நடக்காவிட்டால் உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் எழுதி அதற்குள் ஒட்டி அனுப்புங்கள். வடிவமைப்பு போனாலும் எழுத்து தப்பும். பிறகு செய்தியைப் பார்த்துக் காரணம் தேடலாம்.

'ரீட்-ஒன்லி' என்றால்: வாட்ஸ்அப்பிலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ நேரடியாகத் திறந்திருக்கிறீர்களா? முதலில் கணினியில் இறக்கி, பிறகு திறக்க வேண்டும். மேலே மஞ்சள் பட்டையில் 'எனேபிள் எடிட்டிங்' இருக்கிறதா? தெரிந்தவர் அனுப்பியது என்றால் மட்டும் அதை அழுத்துங்கள். கோப்பின் பண்புகளில் 'ரீட்-ஒன்லி' அல்லது 'அன்பிளாக்' பெட்டி இருந்தால் சரிசெய்யுங்கள். எந்தக் கோப்பிலும் எதையும் திருத்த முடியவில்லை என்றால் ஆபிஸின் சந்தா முடிந்திருக்கும். புது மடிக்கணினியோடு வந்த சோதனைப் பதிப்பு முடிந்தபின் இது வழக்கம்; பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. உரிமம் வாங்க வேண்டும், அல்லது இலவச லிப்ரே ஆபிஸ் போதும். திருட்டுப் பதிப்பைப் போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். அதோடு வரும் நச்சு நிரல் எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டால் எந்த வழிகாட்டியும் உதவாது.

'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்றால், வேறு யாருமே இல்லாதபோது: வேர்டு முன்பு பாதியில் நின்றுபோய்ப் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் எல்லா வேர்டையும் முடித்துவிடுங்கள், ஆனால் சேமிக்காத வேறு ஆவணம் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. பிறகும் அதே செய்தி வந்தால், அந்த ஃபோல்டரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, '~$' என்று தொடங்கும் சிறு கோப்பை அழியுங்கள். அது பூட்டுக் கோப்பு. அதில் உங்கள் எழுத்து எதுவும் இல்லை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முன்னோட்டப் பலகம் திறந்திருந்தாலும் சில நேரம் இப்படி ஆகும்.

'பெயர் செல்லாது' அல்லது 'பாதை மிக நீளம்' என்றால்: பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், நட்சத்திரம் இருக்கக் கூடாது. தேதியை '12/3' என்று பெயரில் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு; '12-3' என்று எழுதுங்கள். நீளம்தான் சிக்கல் என்றால், விண்டோஸின் வழக்கமான எல்லை ஃபோல்டர்களின் பெயர்களையும் சேர்த்து 260 குறிகள், எக்செலில் 218 மட்டுமே. தமிழில் இந்த எல்லை சீக்கிரம் வரும். நம் கண்ணுக்கு ஓர் எழுத்தான 'தி' கணினிக்கு இரண்டு குறிகள். லினக்ஸில் இன்னும் நெருக்கடி: பெயருக்கு 255 பைட்தான் எல்லை, தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். தமிழில் பெயர் வையுங்கள், தாராளமாக வையுங்கள்; சுருக்கமாக வையுங்கள்.

'அனுமதி இல்லை' அல்லது, கண்ணெதிரே இருக்கும் ஃபோல்டரில் 'கோப்பு காணவில்லை' என்றால்: சி டிரைவின் வேரில் அல்லது 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே சேமிக்க முயல்கிறீர்களா என்று பாருங்கள், 'டாக்குமென்ட்ஸ்' போதும். அங்கேயும் மறுத்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரான்சம்வேர் ப்ரொடக்ஷன்' பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். அது பழைய மென்பொருள்களைத் தடுக்கும். முழுவதும் நிறுத்திவிடாமல், உங்கள் மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். அலுவலகக் கணினி என்றால் இதைத் தொடாதீர்கள். அங்குள்ள நிர்வாகியின் வேலை அது.

'இடமில்லை' என்றால்: சி டிரைவில் உண்மையில் இடம் இருக்கிறதா பாருங்கள். கோப்பை டி டிரைவில் சேமித்தாலும் வேர்டு தன் தற்காலிகக் கோப்புகளைச் சியில்தான் எழுதுகிறது. செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதியில் தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள். 'டவுன்லோட்ஸ்' பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிட்டு. பென் டிரைவில் இடம் இருந்தும் பெரிய காணொளியை ஏற்க மறுத்தால் அது ஃபேட் 32 முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாம், ஆனால் அதில் இருப்பவை எல்லாம் அழியும் என்பதால் முதலில் நகலெடுங்கள். மேக் கணினி விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டைப் படிக்கும், அதில் எழுதாது. இரண்டிலும் பயன்படும் வட்டுக்கும் எக்ஸ்ஃபேட்தான் பொருத்தம்.

'ரைட் ப்ரொடெக்டெட்' என்றால்: நினைவட்டையின் பக்கவாட்டில் சிறு பூட்டு நெம்பி இருக்கும், அதைத் தள்ளுங்கள். பூட்டு இல்லாத பென் டிரைவ் திடீரென இப்படிச் சொன்னால் அது தன் ஆயுள் முடிவில் இருக்கலாம். படிக்க முடியும்போதே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புதியது வாங்குங்கள். அதைப் பழுது பார்க்கச் செலவு செய்யாதீர்கள்.

## அறிகுறி: சேமித்தேன், ஆனால் காணவில்லை

ஜிப் கோப்புக்குள் நேரடியாகத் திறந்து திருத்தினீர்களா? அப்படியென்றால் திருத்தம் தற்காலிக ஃபோல்டருக்குப் போயிருக்கும். வேர்டில் 'ரீசன்ட்' பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும்; கணினியை அணைக்கும் முன் திறந்து வேறிடத்தில் சேமியுங்கள். அடுத்து ஒன்டிரைவ்: 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டர் இரண்டாகத் தெரிந்தால் உங்கள் கோப்பு மற்றதில் இருக்கும். இலவச ஒன்டிரைவின் 5 ஜிபி நிரம்பியிருந்தால் கணினியில் சேமித்தது மேகக்கணினிக்குப் போயிருக்காது, வேறு கணினியில் தெரியாது.

சேமிக்காமலே மூடியிருந்தால் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் என்ற இடத்தில் 'ரெக்கவர் அன்சேவ்டு டாக்குமென்ட்ஸ்' பாருங்கள். வேர்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி எடுக்கும். ஐந்தாகக் குறைத்து வைக்கலாம். மேலே தெரியும் 'ஆட்டோசேவ்' பொத்தானை நம்பிவிடாதீர்கள். ஒன்டிரைவ் அல்லது ஷேர்பாயின்ட்டில் இருக்கும் கோப்புக்குத்தான் அது வேலை செய்கிறது.

பெயர் இருக்கிறது, அளவும் இருக்கிறது, எந்தக் கணினியிலும் திறக்கவில்லை, அதுவும் மலிவாக வாங்கிய பெரிய கொள்ளளவுப் பென் டிரைவில் என்றால் அது போலியாக இருக்கலாம். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கருவி உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். போலி என்று தெரிந்தால் அதில் எழுதியதை மறந்துவிட வேண்டியதுதான். கொள்ளளவைத் தாண்டி எழுதியது எங்குமே பதியவில்லை.

## அறிகுறி: 'கோப்பு சிதைந்துள்ளது', திறக்க மறுக்கிறது

முதலில் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். பாதியில் நின்ற பதிவிறக்கமே மிகச் சாதாரணமான காரணம். அடுத்து, அனுப்பியவரின் மென்பொருள் உங்களுடையதைவிடப் புதியதா என்று கேளுங்கள். வேர்டு 2003 வைத்திருப்பவருக்கு 2007-இல் வந்த டாக்எக்ஸ் என்ற புதிய வேர்டு வடிவம் தானாகத் திறக்காது. லிப்ரே ஆபிஸ் போட்டுத் திறக்கலாம். புதிய இன்டிசைன் கோப்பு பழைய பதிப்பில் திறக்காது. பழைய பதிப்பும் திறக்கக்கூடிய ஐடிஎம்எல் வடிவில் ஏற்றுமதி செய்து அனுப்பச் சொல்லுங்கள். பேஜ்மேக்கர் கோப்பு என்றால், பேஜ்மேக்கர் 6 முதலான கோப்புகளை இன்டிசைன் சிஎஸ் 6 வரையான பதிப்புகள் திறக்கும், அதற்குப் பிந்தியவை திறக்காது. பழைய மலர்களைப் பேஜ்மேக்கரில் வைத்திருக்கும் அச்சகங்கள் சிஎஸ் 6 இயங்கும் கணினி ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. ஒரு வட்டாரத்தின் முப்பது ஆண்டு வரலாறு அந்தக் கோப்புகளில் இருக்கக்கூடும்.

உண்மையிலேயே சிதைந்தது என்றால் வேர்டின் 'ஓபன்' பெட்டியில், திறக்கும் பொத்தானின் சிறு அம்புக்குறியை அழுத்தி 'ஓபன் அண்ட் ரிப்பேர்' கொடுங்கள். பலிக்காவிட்டால் லிப்ரே ஆபிஸில் முயலுங்கள். வேர்டு கைவிட்டதை அது திறந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதுவும் இல்லையென்றால் நகலின் பின்னொட்டை டாக்எக்ஸிலிருந்து ஜிப் என்று மாற்றித் திறங்கள். டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப்தான். உள்ளே 'வேர்டு' என்ற ஃபோல்டரில் படங்கள் 'மீடியா'விலும், எழுத்து 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்எம்எல் கோப்பிலும் இருக்கும். ஜிப்பே திறக்காவிட்டால் வீட்டில் செய்யக்கூடியது முடிந்தது.

## அறிகுறி: பழைய மென்பொருள் புதிய கணினியில் ஓடவில்லை

மென்பொருளின் மேல் வலது சொடுக்கு, பண்புகள், 'கம்பாட்டிபிலிட்டி' தாவலில் பழைய விண்டோஸ் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஓடுகிறது ஆனால் சேமிக்கவில்லை என்றால் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'. அப்படியும் மறுத்தால் ஃபோல்டரின் பெயரைப் பாருங்கள்: யூனிகோடு அறியாத மென்பொருளால் தமிழில் பெயரிட்ட ஃபோல்டருக்குள் எழுத முடியாது. விண்டோஸ் பயனர் பெயரையே தமிழில் வைத்திருந்தால் 'டாக்குமென்ட்ஸ்' கூட அதற்கு எட்டாது. சி டிரைவில் ஆங்கிலப் பெயரில் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சரியாக ஓடிய பழைய தமிழ் மென்பொருள் திடீரெனக் குழம்பினால், யாராவது 'ரீஜன்' அமைப்பில் உலகளாவிய யுடிஎஃப்-8 என்ற 'பீட்டா' பெட்டியில் குறி வைத்தார்களா என்று கேளுங்கள். குறியை எடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

நிறுவவே முடியவில்லை, '64-பிட்டுக்குப் பொருந்தாது' என்று வந்தால் அது 16-பிட் நிரல். 64-பிட் விண்டோஸில் அது ஓடாது; விண்டோஸ் 11-இல் 64-பிட் மட்டுமே உண்டு. பழைய விண்டோஸை மெய்நிகர் கணினியாக (கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினி) நிறுவ வேண்டும். உங்களிடம் மூலக் குறுந்தகடும் உரிமமும் இருந்தால் இதை ஒரு தொழில்நுட்பரிடம் கேட்கலாம். அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காதீர்கள்.

## அறிகுறி: சேமிக்கும்போது கணினி உறைகிறது, வட்டில் சத்தம் வருகிறது

சேமிக்க நிமிடக் கணக்கில் ஆகிறது, நகலெடுக்கும்போது 'சைக்ளிக் ரிடண்டன்சி' என்ற பிழை வருகிறது, வட்டு டிக் டிக்கென்று சத்தமிடுகிறது. இவற்றில் ஒன்று வந்தாலும் மேலே சொன்ன சோதனைகள் எதையும் செய்யாதீர்கள்.

சத்தம் இல்லையென்றால் இன்றியமையாத கோப்புகளை மட்டும் முதலில் வேறு வட்டுக்கு நகலெடுங்கள், பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் வட்டின் உடல்நிலையைப் பாருங்கள். வட்டுப் பிழைகளைத் திருத்தும் 'செக்டிஸ்க்' நிரலை ஓட்டச் சொல்லிப் பலர் அறிவுரை சொல்வார்கள். நலிந்த வட்டில் அது நெடுநேரம் படித்து எழுதி மிச்சத்தையும் கெடுக்கலாம். நகலெடுத்த பிறகே ஓட்ட வேண்டும்.

சத்தம் இருந்தால் கணினியை அணைத்துவிடுங்கள், மறுபடி இயக்கிப் பார்க்காதீர்கள். விண்டோஸை மறுபடி நிறுவும் கடைக்கு இல்லாமல், தரவு மீட்பு மட்டுமே செய்யும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். செலவு அதிகம், ஆகவே ஒப்படைக்கும் முன் மதிப்பீட்டுக் கட்டணம், மீட்க முடியாவிட்டால் என்ன கட்டணம் என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். எந்த ஃபோல்டர், என்ன பெயர், எப்போது கடைசியாகச் சரியாகத் திறந்தது என்று ஒரு தாளில் எழுதி, பிழைச் செய்தியின் படத்தோடு கொடுங்கள். மீட்ட கோப்புகளைப் பழைய வட்டிலேயே திரும்ப எழுத வேண்டாம், புதிய வட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன் அங்கேயே நான்கைந்தைத் திறந்து, தமிழ் வரிகள் தமிழாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.